கைக்காத வைன் தேடுறவங்களுக்கு: மட்டக்களப்புச் சூட்டில, நண்டுக்கறியோட வைன் பழகின அனுபவம்

வைன் எண்டா கைக்கும், புளிக்கும், இதுக்கா இவ்வளவு காசு எண்டு சொல்ற ஆக்கள் நம்மட பக்கம் நிறைய. அவங்க சொல்றது பொய்யில்ல, அவங்களுக்குக் கிடைச்ச முதல் போத்தல் அப்பிடி. லண்டன்ல இருந்து வாற சொந்தக்காரர் டியூட்டி ஃப்ரீல தூக்கிட்டு வாறது எப்பவும் ஒரு துவர்ப்புக் கூடின ரெட் வைன், கபர்னே சோவினியோன் இல்லாட்டி ஷிராஸ். அத மத்தியானச் சோறு முடிஞ்ச கையோட, ஃபேனுக்குக் கீழ, 32 டிகிரி சூட்டில, டீ குடிக்கிற கிளாஸ்ல ஊத்தி ஆளுக்கொரு வாய் குடிச்சா மூஞ்சி கோணாம என்ன செய்யும். மறுகா அந்தப் போத்தல் அலுமாரிக்கு மேல ஏறிரும், வைன் நமக்குச் சரிவராது எண்டு தீர்ப்பும் வந்திரும்.

நான் கல்லடியில வீட்டோட இருந்து, நானும் மனிசியுமா, சில வருசமா ஆறுதலாக் குடிச்சுப் பாத்து வச்சிருக்கிற விசயத்தத்தான் இதில எழுதுறன். நிபுணர் எல்லாம் இல்ல. 21 வயசுக்குக் குறைஞ்சவங்க இத விட்டுருங்க, குடிக்கிற பழக்கமே இல்லாதவங்க இதுக்காகத் தொடங்கவும் தேவயில்ல. சாராயம், பியர் விட்டுட்டு வேற என்ன எண்டு பாக்கிறவங்களுக்கும், ஒருக்கா வைன் குடிச்சு வெறுத்துப் போனவங்களுக்கும் இது உதவும்.

எனக்கு வழி காட்டினது என்ட மச்சான். கட்டாருல ஹோட்டல்ல நிண்டவன், இப்ப பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல ரெஸ்டூரண்ட் பக்கம் வேல. அவன்ட்ட எந்த வைன் நல்லது எண்டு கேட்டா பதில் சொல்லமாட்டான், திருப்பிக் கேள்விதான் கேப்பான். “மச்சான், பிளேன்டீய சாயம் கூட்டி, சீனி இல்லாமக் குடிப்பியா?” ஏலா எண்டன். “தேசிக்காய்த் தண்ணி உப்புப் போட்டுக் குடிப்பியா?” ஓம், அது விருப்பம். “அப்ப ரெட் பக்கம் இப்போதைக்குப் போகாத, புளிப்புள்ள வைட்டில தொடங்கு” எண்டான். அவ்வளவுதான் கதை. அதுக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு இதே ரெண்டு கேள்வியக் கேட்டுப் பாத்திட்டன், ஆளுக்கு ஏத்த போத்தல் எது எண்டு இதிலயே பாதி தெரிஞ்சிரும்.

ஏன் அப்பிடி எண்டா, ரெட் வைன்ல நாக்கு உலந்து இழுக்கிற மாதிரி வாற அந்தத் துவர்ப்பு டானின். முந்திரிப்பழத் (திராட்சை) தோல், கொட்டையில இருந்து வாறது, ரெட் வைன தோலோடயே ஊற விட்டுப் புளிக்க வைக்கிறதால நிறைய இறங்கிரும். அது நம்மட எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கொள்ளும், அதுதான் வாய் வறண்ட மாதிரிக் கிடக்கும். சாயம் கூடின பிளேன்டீயில வாறதும் இதே சாதிச் சாமான்தான், ஆனபடியா அந்த டீ பிடிக்காதவனுக்கு கபர்னேயும் பிடிக்கப்போறதில்ல. வைட் வைனுக்கு முதல்லயே பிழிஞ்சு தோல எடுத்துருவாங்க, அதில துவர்ப்பு குறைவு, புளிப்புத்தான் முன்னுக்கு நிக்கும். ரோஸே, அந்த ரோசா நிற வைன் எண்டா தோலோட கொஞ்ச மணித்தியாலம்தான் கிடக்கும், நிறமும் வரும் துவர்ப்பும் பெருசா வராது.

அடுத்தது லேபிள். முன்பக்கத்துப் படத்தையும் அரண்மனையையும் விடுங்க, ஒரு மூலையில சின்னதா இருக்கிற அல்கஹோல் வீதத்தப் பாருங்க. புதுசாத் தொடங்குறவருக்கு அதவிட உபகாரமான எழுத்து அந்தப் போத்தல்ல இல்ல. முந்திரிப்பழச் சாறில இருக்கிற சீனிய ஈஸ்ட் திண்டுதான் அல்கஹோல் ஆக்குது, முழுக்கத் திண்டு முடிச்சா சீனி இல்லாத ட்ரை வைன், அது 12, 13, 14 வீதம் எண்டு நிக்கும். இடையில குளிராக்கி ஈஸ்ட வடிச்சு நிப்பாட்டினா அல்கஹோல் குறைவு, சீனி மிச்சம். அப்ப 5, 6, 7 வீதம் எண்டு கண்டா அது இனிப்பு, 14க்கு மேல எண்டா தொண்டையில சூடு தெரியும் பாரமான சாமான். இதுக்குத் தப்பி நிக்கிறது போர்ட் வைன், போர்த்துக்கல் டூரோ பக்கத்துச் சாமான், அது பாதி புளிக்கேக்குள்ளயே முந்திரிப்பழ ஸ்பிரிட் ஊத்தி ஈஸ்ட நிப்பாட்டுறதால இனிப்பும் இருக்கும், 20 வீதம் கிட்ட அடியும் இருக்கும். இனிப்புத்தானே எண்டு ஜூஸ் கிளாஸ்ல ஊத்திக் குடிச்சீங்க எண்டா எழும்ப ஏலா.

நான் தொடங்கினது மொஸ்காட்டோ எண்டுற இனிப்பு வைட்டில. இத்தாலி வடக்கில பீட்மொண்ட் பக்கத்து மொஸ்காட்டோ டாஸ்டி எண்டா 5, 5.5 வீதம்தான் இருக்கும், மெல்லிசா நுரைக்கும், பூ வாசம் மாதிரியும் பீச் பழம் மாதிரியும் மணக்கும், நல்லாக் குளிராக்கிக் குடிச்சா யாருமே முகம் சுளிக்கமாட்டாங்க. அவுஸ்திரேலிய மொஸ்காட்டோவும் இருக்கு, அது இன்னும் கொஞ்சம் தடிப்பான இனிப்பு. கன காலம் நாங்க இதுதான். ஆனா உண்மையச் சொல்லணும், இது சலிக்கும். ரெண்டாவது கிளாஸ்ல வாய் சீனிப்பாகு ஆகிரும், சாப்பாட்டோட வைக்கவும் ஏலா, பழத்தோடயோ வட்டிலப்பத்தோடயோதான் போகும். பழகிறதுக்கு நல்லம், அதிலயே குடியிருக்கிறதுக்கு இல்ல.

அங்க இருந்து கிறுகின இடம்தான் ரீஸ்லிங் எண்டுற வைட், எனக்கு இப்பவும் முதலிடம் இதுக்குத்தான். ஜெர்மன்காரன்ட போத்தல்ல கபினெட் எண்டு இருந்து அல்கஹோல் 8, 9 எண்டு இருந்தா மெல்லிய இனிப்பும் தேசிக்காய்ப் புளிப்பும் சேந்து வரும், ட்ரொக்கன் எண்டு போட்டிருந்தா அது இனிப்பில்லாதது, கவனம். நாங்க அத வாவி நண்டோட வச்சம். நல்ல தூள் போட்டு, முருங்கை இலை போட்டு, தேங்காய்ப்பால் முட்ட விட்டு வச்ச நண்டுக்கறி, கால உடைச்சு உறிஞ்சி வாய் எரியிற நேரத்தில அந்தக் குளிர்ந்த ரீஸ்லிங் ஒரு வாய். எரிவு அப்பிடியே இறங்கி, நண்டுட இனிப்பு திரும்பி நாக்குக்கு வந்துது. மனிசி ஒண்டும் பேசயில்ல, கிளாஸ மட்டும் என்ட பக்கம் தள்ளினா. இதே கறிக்கு 14 வீத ஷிராஸ வச்சா தலைகீழ், கொச்சிக்காய் எரிவ அல்கஹோல் கூட்டிவிடும், துவர்ப்பு அதுக்கு மேல ஏறி நிக்கும். நம்மட உறைப்புக்கு குறைஞ்ச அல்கஹோல், கொஞ்சம் சீனி, நல்ல குளிர், இந்த மூண்டும்தான் வேணும்.

மீன் பொரியலுக்கு நியூசிலாந்து மார்ல்பரோ சோவினியோன் பிளாங் எண்டுற வைட் நல்லாப் போகும், பச்சைப் புல்லும் பாஷன் ஃபுரூட்டும் கலந்த மணம், பல் கூசுற புளிப்பு. இஞ்ச ஒரு விசயம் சொல்லணும், நிறையப் பேர் குழம்புற இடம் இது. பழ மணம் அடிச்சா இனிப்பு எண்டு அர்த்தமில்ல. மணம் பழமா இருக்கும், வாய்க்குள்ள இனிப்புத் தெரியாது. கடைக்காரர் “இது ஃப்ரூட்டி, லேடீஸ் விரும்புவாங்க” எண்டு தந்தா நம்பி எடுக்காதீங்க, வீதத்தப் பாத்து எடுங்க. (அந்த லேடீஸ் கதையும் எனக்குப் பிடிக்கிறதில்ல, எங்கட வீட்டில துவர்ப்பு விரும்பி அவதான், நான்தான் அப்ப இனிப்புக் கட்சி.) நுரைக்கிற சாமான்ல இன்னொரு குழப்பம் இருக்கு, இத்தாலிப் புரொசெக்கோல எக்ஸ்ட்ரா ட்ரை எண்டு இருந்தா அது புரூட் எண்டு போட்டத விட இனிப்புக் கூட. கேட்டா சிரிப்பு வரும், சட்டப்படியே அப்பிடித்தான். புரூட் எண்டா லீட்டருக்கு 12 கிராமுக்குள்ள சீனி, எக்ஸ்ட்ரா ட்ரை எண்டா 12ல இருந்து 17 வர. இன்னும் இனிப்பு வேணும் எண்டா டெமி செக்.

ரெட்டுக்கு வருவம். வைட்டில நாக்கு பழகின பிறகு மெர்லோ எடுங்க, துவர்ப்பு மெத்தெண்டு இருக்கும், சிலி மெர்லோ எண்டா கைக்கடக்கமான விலைக்கும் கிடைக்கும். பினோ நுவாவுக்கு மெல்லிய தோல், அதிலயும் துவர்ப்பு குறைவு, ஆனா மலிவான பினோவில எனக்கு நம்பிக்கை இல்ல, தண்ணியாத்தான் இருக்கும். ஆர்ஜென்டினா மல்பெக் நடுவில நிக்கிற ஆள், ஆட்டிறைச்சிப் பிரட்டலோட அருமை. கபர்னே கடைசியா வரட்டும். வந்தா இறைச்சியோட குடிங்க, கொழுப்பும் புரதமும் துவர்ப்பப் பிடிச்சு மெதுவாக்கிரும். மீனோட மட்டும் வேணாம், ரெட் குடிச்சிட்டு மீன் திண்டா ஒரு வெடுக்கு நாத்தம் மிச்சம் நிக்கும், அதுக்கு ரெட் வைன்ல இருக்கிற இரும்புச்சத்துத்தான் காரணம் எண்டு 2009ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஆத்து மீன், கடல் மீன் எண்டு நாளாந்தம் மீன் திங்கிற நம்மட ஊருக்கு ரெட் வைன் ஏன் ஒட்டயில்ல எண்டு இதிலயும் கொஞ்சம் விளங்கும்.

ரெட் வைன ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும் எண்டு எங்கயாவது வாசிச்சிருப்பீங்க. அந்த ரூம் ஐரோப்பாவில இருக்கு கா, 16, 18 டிகிரி ரூம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில கல்லடியில ரூம் எண்டா ராத்திரியிலயும் 30 நிக்கும், அந்தச் சூட்டில ரெட் குடிச்சா ஸ்பிரிட் மட்டும்தான் மூக்கில ஏறும். நான் ரெட்டையும் அரை மணித்தியாலத்துக்கு மேல பிரிட்ஜில வச்சுத்தான் எடுப்பன். வைட் எண்டா ரெண்டு மூண்டு மணித்தியாலம். அவசரம் எண்டா வாளியில ஐஸும் தண்ணியும் ஒரு பிடி உப்பும் போட்டு போத்தல இறக்கி வச்சா இருவது நிமிசத்தில குளிர்ந்திரும், வெறும் ஐஸ்ல வைக்கிறதவிட இது கெதி. கிளாஸுக்குள்ள ஐஸ் போடுறது குத்தமா எண்டு கேக்கிறாங்க, இந்தச் சூட்டில நான் யாரையும் ஏசமாட்டன், ஆனா தண்ணியாகிரும். மாரி மழை பிடிச்சு வாடைக்காத்து வந்த பிறகு ரெட் தன்ட பாட்டில ருசிக்கத் தொடங்கும், நான் மல்பெக்க அந்த மாசங்களுக்குத்தான் ஒதுக்கி வச்சிருக்கன்.

இப்ப வாங்குற இடம். வைன் ஸ்டோர்ஸ் எண்டு போர்ட் போட்ட கடைக்குள்ள போய் வைன் கேட்டா, சாராயமும் பியரும் எடுத்துக் குடுத்த கை ஒருக்கா நிண்டு நம்மள ஏற இறங்கப் பாக்கும். மேல் தட்டில நாலஞ்சு போத்தல் தூசியோட நிக்கும். தூசி பரவாயில்ல, வெயில்தான் பிரச்சினை. ஒரு கடையில கண்ணாடிப் பக்கம் நிண்ட மெர்லோ ஒண்ட முழு விலைக்கு வாங்கிட்டு வந்து மேல் கவர உரிச்சன், கோர்க் வாய விட்டு ஒரு நூல் அளவு வெளிய தள்ளி நிண்டுது, அதச் சுத்தி காஞ்ச பாகு மாதிரி ஒரு ஒட்டல். ஊத்தினா நிறம் செங்கல், மணம் வத்தக் காச்சின பிளம்ஸ் ஜேம். சூட்டில அவிஞ்ச வைன். கொண்டுபோய்க் காட்டினா “வைன் பழசானாத்தானே நல்லம்” எண்டு சிரிக்கிறார். பழசானா நல்லம் எண்டது குளிர்ச்சியான நிலவறையில படுத்துக் கிடக்கிற சில விலையுயர்ந்த போத்தலுக்கு, நாம வாங்குற விலைக்கு இருக்கிற வைன் எல்லாம் வந்த உடன குடிக்கிறதுக்குச் செய்தது. வைட், ரோஸே எண்டா கிட்டடி வருசம் போட்டதா எடுங்க, நிழலில நிண்டதா எடுங்க, ஏலும் எண்டா ஏசி போட்ட கடையில எடுங்க. திருகு மூடி எண்டா மலிவு எண்டு நினைக்க வேணாம், அவுஸ்திரேலியாக்காரனும் நியூசிலாந்துக்காரனும் நல்ல வைனுக்கும் அதத்தான் போடுறான், கோர்க் ஓப்பனர் தேடி அலையவும் தேவயில்ல.

விலை எழுதல்ல, வரியோட மாறிக்கொண்டே கிடக்கு, ஆனா ஒரு போத்தல் எண்டது 750 மில்லி, 150 மில்லிப்படி அஞ்சு கிளாஸ், அதால பிரிச்சுப் பாத்துத்தான் நான் பெறுமதி எண்டு முடிவெடுப்பன். 187 மில்லிச் சின்னப் போத்தலோ 375 அரைப் போத்தலோ கண்டா புதுச் சாதிய அதில பழகுங்க, பிடிக்காட்டி நட்டம் குறைவு. திறந்த போத்தல இறுக்க மூடி பிரிட்ஜில வச்சா, ரெட்டெண்டாலும் பிரிட்ஜில, மூண்டு நாலு நாள் தாங்கும். காத்துப் படுறதுதான் அதுக்கு எதிரி, அதனால மிச்சத்த வாய் முட்டச் சின்னப் போத்தல் ஒண்டுக்கு மாத்திருங்க, இன்னும் ரெண்டு நாள் கூட நிக்கும். அதுக்கு மேல எண்டா இறைச்சிக்குள்ள ஊத்துறது.

நத்தாருக்கு ஜிஞ்சர் வைன் குடிச்சு வளந்த ஆக்களுக்கு, அதில அல்கஹோல் இல்லாட்டியும் அந்த இனிப்பும் காரமும் நாக்கில இருக்கும், அவங்களுக்கு போர்ட் உடன பிடிக்கும், சின்னக் கிளாஸ்ல ரிச் கேக்கோட ரெண்டு விரல் அளவு. புளியந்தீவில பறங்கிக் குடும்பத்துச் சிநேகிதர் வீட்டில லவ் கேக்கோட குடிச்சன், கேக்கில இருக்கிற கஜுவுக்கும் போர்ட்டுக்கும் அப்பிடி ஒரு பொருத்தம். போர்ட் திறந்து வச்சாலும் சில கிழமை கெடாது, அதால தனியாக் குடிக்கிறவருக்கும் கட்டுப்படியாகும்.

நான் இப்ப நிக்கிற இடம், இனிப்பில்லாத அவுஸ்திரேலிய ரீஸ்லிங், கிளேர் வெலி பக்கத்துச் சாமான். தொடங்கின காலத்தில தந்திருந்தா துப்பியிருப்பன். மச்சான் அடுத்த லீவுக்கு ரெண்டு கொண்டுவாறன் எண்டிருக்கான், நண்டுக்கு அது சரிவருமா எண்டது எனக்குச் சந்தேகம்தான், இறால் பொரியலுக்கு வச்சுப் பாப்பம். நீங்க கடைக்குப் போறதெண்டா கலண்டரப் பாத்திட்டுப் போங்க, போயாவுக்கு, அந்தப் பௌர்ணமி லீவுக்கு, பூட்டு.