பலகையா, ஈஆர்பியா, ஐஎஸ்ஓ ஃபைலா: ஒரு பனியன் கம்பெனி பார்த்த மூன்று வழிகள்

திருப்பூரில் 70 மெஷின் வைத்து ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். கட்டிங்கும் தையலும் எங்கள் கட்டடத்திலேயே நடக்கும். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க், அதாவது கூலி கொடுத்துச் செய்து வாங்குவது. நூலாக வருகிற சரக்கு பெட்டியாக லாரி ஏறுவதற்குள் ஏழெட்டு வாசல் ஏறி இறங்கிவிடும். "அந்த லாட் இப்ப எங்க இருக்கு?" இந்த ஒரு கேள்விக்குத்தான் ஆறு வருடமாக விடை தேடினேன். மூன்று வழிகளைக் காசு கொடுத்தே பார்த்தாகிவிட்டது. இன்று கட்டிங் ஹால் சுவரில் எட்டடிப் பலகை ஒன்று தொங்குகிறது. நான் எந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஐஎஸ்ஓவை முதலில் முடித்துவிடலாம். ஐஎஸ்ஓ 9001 என்கிற தர மேலாண்மைத் தரநிலை வந்தது 1987இல். நாங்கள் வாங்கியது 2015 பதிப்பின்படி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், நடுவில் வருடா வருடம் ஒரு தணிக்கை உண்டு. சில பையர்கள் இது இல்லாமல் பேசவே மாட்டார்கள், அந்த வகையில் போட்ட காசு வந்துவிட்டது. ஆனால் வேலை ஓட்டத்தை அது மாற்றியதா என்றால், இல்லை. 2015 பதிப்பில் தரக் கையேடு என்று தனியாக ஒன்று கட்டாயமே இல்லை. எங்கள் ஆலோசகர் பழைய பழக்கத்தில் 140 பக்கத்துக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார். தணிக்கைக்கு முந்தைய வாரம் அதைத் தூசி தட்டி எடுப்போம், விட்டுப்போன ரிஜிஸ்டர்களை இரண்டு பேர் உட்கார்ந்து நிரப்புவார்கள். குற்றம் ஐஎஸ்ஓ மேல் இல்லை, நாங்கள் நடத்திய விதத்தில்தான். அதில் இன்றுவரை உயிரோடு இருப்பது ஒரே ஒரு தாள்: ஷேடு ஒப்புதல் தாள். பாடித் துணியும் கழுத்து ரிப்பும் ஒரே சாய லாட்டில் வந்தனவா என்று கட்டிங்குக்கு முன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் எங்களைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது ஈஆர்பி, அதாவது ஸ்டாக், ஆர்டர், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிகிற மென்பொருள். எட்டு மாதம் முழுசாக ஓட்டினோம்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நூல் ஸ்டாக் கிலோ சுத்தமாகத் தெரிந்தது. ஆர்டர்வாரி அடக்க விலை பார்க்க முடிந்தது. எல்லாவற்றையும் விட ஜாப் ஒர்க் கணக்குக்கு அது பெரிய உதவி. ஜிஎஸ்டி சட்டம் 143ஆம் பிரிவின்படி வேலைக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள். சாயப்பட்டறையில் கிடக்கிற ரோல், பிரிண்டிங்கில் மாட்டிக்கொண்ட பீஸ் என்று டிசி (சரக்கோடு போகிற டெலிவரி சலான்) நம்பர் போட்டு மென்பொருள் வரிசையாகக் காட்டும். ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கைக் காட்டுகிற ஜிஎஸ்டி படிவம் ஐடிசி-04 தாக்கல் செய்ய அந்த ஒரு பட்டியல் போதும். நோட்டில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அப்புறம் ஏன் விட்டேன்? இங்கேதான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி எதை வாங்கப் போனாலும் எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள், வசதிகளைக் கேட்கிறார்கள். வேலை முறை மாறினால் இதை யார் மாற்றுவது, எத்தனை நாளில் மாற்றுவது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்களிடம் நெஞ்சு பிரிண்ட் வழக்கமாக வெட்டிய பீஸில்தான் அடிப்போம். வெட்டு, பிரிண்டிங்குக்கு அனுப்பு, திரும்பி வந்ததும் தை. மென்பொருளிலும் அதே வரிசைதான் போட்டிருந்தது. ஒரு டிசம்பரில் ஒரு பையர் தைத்து முடித்த பிறகு பிரிண்ட் அடிக்கச் சொன்னார். ஹாலில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை, மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மென்பொருளில் மட்டும் முடியவில்லை. பிரிண்டிங் டிசி போடாமல் தையல் பக்கத்தைத் திறக்கவே விடாது. மென்பொருள் கம்பெனியைக் கேட்டால் மூன்று வாரம் ஆகும், இது தனி வேலை, தனிக் கட்டணம் என்றார்கள். அவர்கள் கணக்கில் அது நியாயம்தான். ஷிப்மென்டுக்கு எங்களிடம் இருந்தது பதினாறு நாள்.

எங்கள் சூப்பர்வைசர் என்ன செய்தார்? போகாத சரக்குக்கு ஒரு பொய் டிசி போட்டு, போய் வந்ததாகப் பதிந்துவிட்டுத் தையலைத் திறந்துகொண்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அன்றிலிருந்து திரை ஒன்று சொல்லும், ஹால் ஒன்று சொல்லும். அடுத்த மாதம் இன்னொரு ஆர்டரில் சாயம் போட்ட துணியை மறுபடி சாயத்துக்கு அனுப்ப நேர்ந்தது, அதற்கும் ஒரு குறுக்கு வழி. மூன்றாம் மாதத்தில் லாட் எங்கே என்று கேட்டால் திரையைப் பார்க்க ஆளில்லை, பழையபடி போன்தான். பதிவு போட ஒரு பெண் முழுநேரச் சம்பளத்தில் உட்கார்ந்திருந்தார், அவரும் போனில் கேட்டுத்தான் பதிந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1980களில் ஃபோர்டு கம்பெனியில் பில்லுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு அதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்போதுதான் ஜப்பான் கார் கம்பெனி மஸ்டாவில் அதே வேலையை 5 பேர் பார்ப்பது தெரியவந்தது. மஸ்டா சின்ன கம்பெனிதான், இருந்தாலும் வித்தியாசம் அவ்வளவு இருக்க முடியாது. கடைசியில் ஃபோர்டு பில் என்கிற தாளையே எடுத்துவிட்டது. ஆர்டரும் வந்த சரக்கும் ஒத்துப்போனால் பணம் போய்விடும். 1990இல் மேலாண்மை ஆலோசகர் மைக்கேல் ஹாமர் இதை உதாரணமாகக் காட்டித்தான் தேவையில்லாத வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றாதே, தூக்கிப் போடு என்று எழுதினார். நான் செய்தது அதற்கு நேர் எதிர். ஒரே டிசியை மூன்று பேர் சரிபார்க்கிற எங்கள் பழக்கத்தை அப்படியே மென்பொருளில் ஏற்றி மூன்று பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன்.

சரி, பலகைக்கு வருவோம். ஜப்பான்காரர்கள் கான்பான் என்பார்கள். டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ கொண்டுவந்த முறை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி காலியாக ஆக நிரப்புவதைப் பார்த்துப் பிடித்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த கட்டத்தில் இருப்பவன் கேட்டால்தான் முந்தைய கட்டத்தில் இருப்பவன் செய்ய வேண்டும், கேட்காமல் செய்து குவிக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் பலகையில் நிட்டிங் முதல் பேக்கிங் வரை ஒன்பது கட்டம். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு அட்டை: ஸ்டைல், கலர், பீஸ், அந்தக் கட்டத்துக்கு வந்த தேதி. காலை 8.45க்குப் பலகை முன்னால் நின்றபடியே கால்மணி நேரம் பேச்சு. உட்கார நாற்காலி போடவில்லை, வேண்டுமென்றேதான். ஒரே ஒரு சட்டம்: தையல் கட்டத்தில் நாலு அட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தாவது வந்தால் கட்டிங் நிற்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை நிலைநிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஏனுங்ணா, மேசை சும்மா கிடக்குது, துணியும் வந்திருச்சு, வெட்டாம எப்படீங்ணா இருக்கறது?" என்று கட்டிங் மாஸ்டர் இரண்டு மாதம் சண்டை போட்டார். அவர் கண்ணுக்கு நின்ற மேசை நஷ்டம். வெட்டிய பண்டில் தையல் ஹாலில் பத்து நாள் குவிந்து கிடந்து, ஸ்டிக்கர் உதிர்ந்து, எந்த முன்பக்கம் எந்தப் பின்பக்கத்துக்கு என்று தெரியாமல் ஷேடு மாறித் தைக்கிற நஷ்டம் அவர் கணக்கில் வருவதில்லை. அது செக்கிங்காரர் கணக்கு. பலகை வந்த பிறகு இருவர் கணக்கும் ஒரே சுவரில் தெரிந்தது. இப்போது தையல் நாலைத் தொட்டால் மாஸ்டர் தானே வந்து இரண்டு ஆளைச் செக்கிங்குக்கு அனுப்புகிறார்.

பராமரிப்பைக் கேளுங்கள். போன வருடம் மறுபடியும் ஒரு ஆர்டருக்கு, தைத்த பிறகு பிரிண்ட். சூப்பர்வைசர் கட்டத்தின் தலைப்புச் சீட்டைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எனக்கே மறுநாள் காலையில்தான் தெரியும். மாற்றுவது இவ்வளவு சுலபம் என்பதால் பலகையில் பொய் எழுதுகிற அவசியமே யாருக்கும் வரவில்லை. இதே பலகையைப் போனில் வைத்துக்கொள்ள ஆப்களும் இருக்கின்றன, ஒரு மாதம் பார்த்தோம். டெய்லர்கள் போனில் அதைத் தவிர மற்றதெல்லாம் பார்த்தார்கள்.

பலகைக்கும் சீக்கு உண்டு. ஒரு தடவை ஒரு அட்டை யாருடைய சட்டைப் பையிலோ ஏறி வீட்டுக்குப் போய்த் துவைக்கப்பட்டுவிட்டது. 600 பீஸ் லாட் இரண்டு நாள் யார் நினைவிலும் இல்லை. அதிலிருந்து சாயங்காலம் பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். இன்னொரு குறை, பழைய கதை எதுவும் அதில் நிற்காது. போன தீபாவளி சீசனில் சாயத்துக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்டால் சுவர் பதில் சொல்லாது. முடிந்த அட்டைகளின் தேதிகளை எக்செலில் ஏற்றிவைக்கிறோம், பாதி வாரம் மறந்துபோகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருப்பது ஒரே கட்டடம், ஒரே ஹால். மூன்று இடத்தில் யூனிட் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் என் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஈஆர்பியிலேயே இருக்கிறார். அவர் அளவில் நான் தொழில் செய்ததில்லை, அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். என் எட்டு மாதமும் ஒரே ஒரு மென்பொருளோடுதான். வேலை வரிசையை நாமே மாற்றிக்கொள்ள விடுகிற ஒன்று கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். வாங்குகிறவர்கள் டெமோ காட்ட வருகிறவரிடம், பிரிண்டிங்கைத் தையலுக்குப் பின்னால் என் கண் முன்னாலேயே தள்ளிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மற்ற திரைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஐடிசி-04க்கு மட்டும் எனக்கு இன்னும் மென்பொருள் வேண்டும், அதைச் சுவரில் எழுத முடியாது. ஸ்டோரும் டிசியும் மட்டும் வைத்துக்கொண்டு தையல் பக்கத்தை எடுத்துவிட்டால் ஏஎம்சி (வருடப் பராமரிப்புக் கட்டணம்) எவ்வளவு குறையும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்து பதினைந்து நாள் ஆகிறது: "பேக்கேஜாகத்தான் தருவோம் சார்." பேசிக்கொண்டிருக்கிறோம்.