பழைய 207 பிக்கப்புடன் ஏழு வருடம்: மாட்டியதைவிடக் கழற்றியது அதிகம்

பண்ருட்டி பக்கம் ஒரு பலாத்தோப்பில் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்த டாடா 207 டிஐ வண்டியை 2018 ஜூனில் வாங்கினேன். 2006 மாடல், டிஎன் 31 பதிவு, விலை ரூ.1,35,000. மீட்டர் 1,43,000 கி.மீ. என்று காட்டியது. கேபிள் அறுந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பது விற்றவருக்கே ஞாபகம் இல்லை. நான் மெக்கானிக் இல்லை, லோடு ஓட்டிப் பிழைப்பவனும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் கிரீஸ். "ரெண்டு பேர் உக்கார்ற வண்டிக்கு இவ்ளோ பணமா?" என்று வீட்டில் கேட்டதற்கு இன்றைக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை.

ஏன் இந்த வண்டி என்று கேட்டால், எஞ்சின்தான். 2956 சிசி, நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். என் மாடலில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசல், காற்று, கம்ப்ரஷன் மூன்றும் சரியாக இருந்தால் ஓடும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை என்று அர்த்தம். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். ஞாயிறு மெக்கானிக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வாங்கும்போது எனக்குள் பெரிய திட்டம் இருந்தது. வண்டியை உயர்த்த வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், முன்னால் வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று எந்திரம்), மேலே விளக்கு வரிசை. ஏழு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், நான் மாட்டியது கொஞ்சம்தான். எனக்கு முன்னால் இருந்தவர் மாட்டியதைக் கழற்றியதுதான் பெரும்பாலான வேலை.

முதலில் ஸ்பிரிங் பட்டை, அதாவது பாரத்தைத் தாங்கும் அடுக்குத் தகடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அறுத்து ஏற்றியது இந்த வண்டிதான். அந்தப் பாரத்துக்காகப் பின்பக்கம் இரண்டு புறமும் இரண்டிரண்டு பட்டை கூட்டியிருந்தார்கள். மரம் ஏற்றும்போது அது சரி. காலி வண்டியில் நான் போனால்? நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல் அடித்துக்கொள்ளும். பின்பக்கம் தூக்கி, மூக்கு குனிந்து நின்றதால் ஹெட்லைட் பத்தடிக்கு முன்னால் இருக்கிற தரையைத்தான் காட்டியது.

இதற்கு என்ன ஷாக் அப்சார்பர் போடலாம் என்று மூன்று மாதம் யோசித்தேன். பாய் ஒரே நிமிடத்தில் முடித்தார். பாய் என்பவர் என் மெக்கானிக், வயது அறுபதுக்கு மேல், டீசல் வண்டியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

"தம்பி, வண்டி வாங்குனியா, மரக்கடை வாங்குனியா? பட்டைய எடுத்துப் போடு முதல்ல."

எடுத்துப் போட்டோம். பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் புதிது, ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட் நான்கும் புதிது. யூ போல்ட்டை ஒரு முறை முறுக்கியதும் அது இழுபட்டுவிடும், பழையதையே திரும்ப மாட்டக் கூடாது. புதிதாக மாட்டியதையும் 500 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலரும் செய்வதில்லை, பட்டறையிலும் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. பட்டை இறங்கியதும் வண்டி சமமாக நின்றது, ஹெட்லைட்டும் தானாகவே சரியாயிற்று. புதிய ஷாக் வாங்க வைத்திருந்த பணம் அப்படியே மிச்சம்.

அடுத்தது முன்னால் இருந்த இரும்புக் குழாய் கார்டு. பார்க்கக் கம்பீரம். ஆனால் அதை நேராகச் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பற்றவைத்திருந்தார்கள். மோதினால் அடியை வாங்கிக்கொள்ளாமல் நேராகச் சேஸுக்கும் எதிரில் வருபவன் காலுக்கும் கடத்திவிடும். 2017 டிசம்பரிலேயே இந்த மாதிரி கார்டுகளின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அறுத்துக் காயலான் கடையில் எடை போட்டேன். வந்த காசில் அன்றைக்கு எல்லோருக்கும் பரோட்டா.

அந்தக் கார்டை அறுத்த அன்றுதான் என் பெரிய தப்பும் நடந்தது. அறுத்த இடத்தில் ஒரு கிராஸ் மெம்பர் (சேஸின் குறுக்குச் சட்டம்) துருப்பிடித்திருந்தது தெரிந்தது. சரி, வெல்டிங் மெஷின் இருக்கிறதே என்று அங்கேயே ஆர்க் வைக்கச் சொன்னேன். பேட்டரி வயரைக் கழற்றவில்லை. வெல்டிங் கரண்ட் போன வழியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் டயோடு போய்விட்டது. (ஆல்டர்னேட்டர் என்று சொன்னால் எங்கள் ஊரில் கடைக்காரர் ஒரு வினாடி யோசிப்பார். டைனமோ என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்.) வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் பேட்டரியின் இரண்டு வயரையும் டைனமோ வயரையும் கழற்றிவிட வேண்டும், எர்த் கிளிப்பை வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்கவிட வேண்டும். வெல்டரைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி என்னுடையது, கழற்ற வேண்டியது நான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புது டைனமோ விலையைப் பார்த்துப் பழையது ஒன்றை வாங்கி மாட்டினேன். சார்ஜ் அருமையாக ஏறியது. ஆனால் என் வண்டியில் டைனமோவின் முதுகில்தான் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கான வேக்யூம் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. வாங்கும்போது சார்ஜை மட்டும் பார்த்தேன், முதுகைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து லாரன்ஸ் ரோட்டு நெரிசலில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருந்தது. ஹேண்ட்பிரேக்கும் இரண்டாம் கியரும் அன்று காப்பாற்றின.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தச் சோதனையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். காசு செலவில்லை. எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் கடினமாகிவிடும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு வேக்யூம் கிடைக்கிறது. இறங்கவில்லை என்றால் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. மிதித்துப் பிடிக்கப் பிடிக்கப் பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் அது வேறு வியாதி. பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் எங்காவது ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள்.

வயரிங் பற்றி எழுதினால் தனிப் புராணம் ஆகிவிடும். ஏழெட்டு மீட்டர் அநாதை வயர், முறுக்கி செலோடேப் சுற்றிய ஜாயிண்ட்டுகள், எங்கும் போய்ச் சேராத ஒரு மியூசிக் ஹாரன். எல்லாவற்றையும் உருவி எறிந்தேன். ஹெட்லைட் மங்கலாக இருந்ததற்குப் பல்ப் காரணமில்லை, பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாக வருவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்க இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ், தடிமனான வயர் போட்டேன். பல்ப் அதே வாட்ஸ்தான், வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியது.

துருவுக்கு வருவோம். கடலூரில் வண்டி வைத்திருப்பவனுக்கு எஞ்சினைவிடப் பெரிய கவலை உப்புக் காற்று. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும், மண் சேர்ந்து அடைபட்டுவிடும், கதவு உள்ளிருந்து இற்றுப்போகும். மாதம் ஒரு முறை ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும். இதை நான் கற்றுக்கொண்டபோது ஒரு கதவு ஏற்கெனவே பட்டி (ஓட்டை அடைக்கும் பசை) போட்டு மூடப்பட்டிருந்தது. பட்டியைச் சுரண்டிய டிங்கர் அண்ணன் உள்ளே செய்தித்தாளையே உருண்டையாக எடுத்துக் காட்டினார்.

பின் பாடியைக் கெடுத்தது நானேதான். அழகாக இருக்கட்டும் என்று 2019இல் ரப்பர் மேட் விரித்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஓ.டி. (கடலூர் ஓல்டு டவுன்) துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்ற இரண்டு மூன்று முறை வண்டி கேட்டார், கொடுத்தேன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் மேட்டுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வருடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் தகடு அப்பளம். வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட்டு, எபாக்சி பிரைமர் அடித்து, மேலே விரல் இடைவெளி விட்டு வேப்பம் பலகை பதித்தேன். பார்க்க மாட்டு வண்டி மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்கிறார்கள். தண்ணீர் நிற்பதில்லை, காற்று போகிறது, அது போதும். அடிப்பாகத்துக்குக் கழிவு ஆயில் அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. நானும் ஒரு முறை அடித்தேன். துருவைத் தடுத்ததோ இல்லையோ, ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுத்துவிட்டது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. எங்கள் பக்கம் நிஜமான அடி அதற்குப் பிறகுதான் வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை பொங்கிக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. குண்டு உப்பலவாடியில் இருந்த சொந்தக்காரர்களைக் கூட்டிவரப் போனேன். சக்கரத்தின் நடுவரை தண்ணீர். அந்த அளவுக்கு மேல் போகவில்லை. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

வண்டி நன்றாகவே திரும்பி வந்தது. பத்து நாள் கழித்துப் பாய் பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் (கியர் பெட்டி) போல்ட்டைத் திறந்தார். கறுப்பாக வர வேண்டிய ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான ஆக்ஸில் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், மேலே இருக்கிற பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலை இரண்டு முறை மாற்றினோம், வீல் பேரிங் நான்கையும் கழுவி கிரீஸ் நிரப்பினோம். அப்புறம் அந்தப் பிரீதரில் ஒரு ரப்பர் டியூபை மாட்டிப் பாடிக்கு அடியில் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இந்த ஏழு வருடத்தில் நான் சேர்த்தவற்றில் உருப்படியானது எது என்றால் அந்த டியூபைத்தான் காட்டுவேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும் என்று சேர்த்தார்கள். என் பெரிய டயர் கனவு அத்துடன் படுத்துவிட்டது, வருத்தமில்லை. மஞ்சள் போர்டு வண்டி என்பதால் எட்டு வயதுக்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். 15 வயது தாண்டியதும் கட்டணமும் ஏறிவிட்டது. சாதாரண கார் லைசென்ஸில் இதை ஓட்டலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. "பத்து வருஷ டீசல் வண்டிய ஓட்டக் கூடாதாமே மாப்ள" என்று மாமனார் வருடத்துக்கு ஒரு முறையாவது போன் செய்வார். அது டெல்லிப் பக்கத்துக் கதை மாமா, இங்கே இல்லை என்று நானும் வருடத்துக்கு ஒரு முறை சொல்கிறேன்.

செலவு: வாங்கிய விலை போக இதுவரை சுமார் ரூ.2.9 லட்சம். அதில் என் தப்புகளுக்கு மட்டும் ஐம்பதாயிரம் போயிருக்கும். மைலேஜ் ஊருக்குள் 9, ஹைவேயில் காலியாகப் போனால் 11. டீசல் புதுச்சேரியில் விலை குறைவு, அந்தப் பக்கம் வேலை இருக்கும் நாளில் நிரப்பிக்கொள்வேன். பார்ட்ஸ் கிடைப்பதில் கவலையே இல்லை. கடலூரில் இல்லாதது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும், அங்கேயும் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை. ரப்பர் சாமான்களில் மட்டும் விலை குறைந்ததைத் தேடாதீர்கள்.

வீட்டுக்கு ஒரே வண்டி இதுதான் என்றால் வாங்காதீர்கள். ஏசி இல்லாத கேபினில் மே மாதம் சிதம்பரம் போய்வந்தால் குடும்பமே பேசாது. இன்னொரு வண்டி இருக்கிறது, நிறுத்த நிழல் இருக்கிறது, பாய் மாதிரி ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால் தாராளமாக வாங்கலாம்.

மீட்டர் கேபிளை வாங்கிய மாதமே மாற்றிவிட்டேன். இப்போது 1,84,000 காட்டுகிறது. ஸ்டீரிங்கில் ஒரு மாதமாக இரண்டு விரல் அளவு ப்ளே (வெறும் ஆட்டம்) தெரிகிறது. ஸ்டீரிங் பாக்ஸா, சக்கரத்தைத் திருப்பும் ராட் எண்டா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார் பாய், ஜாக் ஸ்டாண்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லி.