நியூயார்க் நூலகமா, பாஸ்டன் நூலகமா: உள்ளே போய் உட்கார எது தோது?

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நியூயார்க், பாஸ்டன் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடுவார்கள். இரண்டு ஊரிலும் பழைய பொது நூலகம் உண்டு, இரண்டிலும் நுழைவு இலவசம். அரைநாள்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு பாஸ்டனுக்கு. காரணம் ஒன்றே ஒன்றுதான்: அங்கே வாசிப்புக்கூடத்தில் போய் உட்காரலாம்.

அளவில் நியூயார்க்தான் பெரிது, அதில் பேச்சே இல்லை. ஐந்தாவது அவென்யூவில், 42-ஆம் தெரு முனையில் இருக்கும் இந்தப் பளிங்குக் கட்டடம் 1911-இல் திறக்கப்பட்டது. வாசலில் இரண்டு சிங்கங்கள். மூன்றாம் மாடியில் ரோஸ் வாசிப்புக்கூடம்: 297 அடி நீளம், 78 அடி அகலம், 52 அடி உயரக் கூரை. படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கூடம் வாசகர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒதுக்கப்பட்டது. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்களை உள்ளே விடுவதில்லை. நூலகமே நடத்தும் இலவசச் சுற்றில் சேர்ந்து பார்க்கலாம். திருவிழாக் கூட்டத்தில் கருவறையை எட்டிப் பார்த்துவிட்டு நகர்வது போலத்தான்.

நிஜமாகவே ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டுமென்றால் நிலைமை வேறு. வெளியூர்க்காரர்களுக்கும் தற்காலிக நூலக அட்டை தருகிறார்கள், பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். ஆனால் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை இணையப் பட்டியலில் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பக்கத்துப் பிரையன்ட் பூங்காவின் அடியில் இருக்கும் கிடங்கிலிருந்து வருவது என்றால் அன்றைக்கே கைக்குக் கிடைக்கும். சிறு தண்டவாளத்தில் ஓடும் பெட்டிகள் மேலே கொண்டுவந்து சேர்க்கும். பிரின்ஸ்டன் பக்கக் கிடங்கில் இருந்தால் ஓரிரண்டு வேலைநாள் ஆகும். ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் போய் இதைக் கேட்டால் வேலைக்கு ஆகாது.

பாஸ்டனுக்கு வருவோம். 1848-இல் தொடங்கப்பட்ட நூலகம் இது. காப்ளி சதுக்கத்தில் இருக்கும் மெக்கிம் கட்டடம் 1895-இல் திறக்கப்பட்டது. வாசலுக்கு மேலேயே 'எல்லோருக்கும் இலவசம்' என்று கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் மாடியில் பேட்ஸ் ஹால் என்ற வாசிப்புக்கூடம்: 218 அடி நீளம், 50 அடி உயரத்தில் வளைந்த கூரை, வரிசையாக ஓக் மேஜைகள், பச்சை மூடி போட்ட விளக்குகள். அட்டை வேண்டாம், பெயர்ப் பதிவு வேண்டாம். காலி நாற்காலி இருந்தால் உட்கார்ந்து படிக்கலாம், லேப்டாப்பையும் திறக்கலாம்.

இது தற்செயலாக அமைந்ததில்லை. 1852-இல் புத்தகங்களுக்காக 50,000 டாலர் கொடுத்த ஜோஷுவா பேட்ஸ், நூறு முதல் நூற்றைம்பது பேர் மேஜையில் அமர்ந்து படிக்க இடம் வேண்டும், எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் பணத்தைக் கொடுத்தார். அவர் பெயர்தான் கூடத்துக்கு.

இடம் பிடிப்பதற்கு வார நாள் காலைதான் சரி. மதியத்துக்கு மேல் மாணவர்கள் வந்துவிடுவார்கள், தேர்வுக் காலமான டிசம்பரிலும் மே மாதத்திலும் கேட்கவே வேண்டாம். கூடத்தின் கதவு நீளவாக்குச் சுவரின் நடுவில் இருப்பதால் படம் எடுக்க வருகிறவர்கள் நடுப்பகுதியிலேயே குவிவார்கள். அரைவட்டமாக முடியும் இரண்டு கோடிகளில் ஒன்றில் உட்கார்ந்தால் தொந்தரவு குறைவு. ஃபிளாஷ் கூடாது, பேச்சும் கூடாது. போனின் கிளிக் சத்தத்தை வெளியிலேயே அணைத்துவிடுங்கள்; அந்த வளைந்த கூரைக்கு அடியில் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

பாய்ல்ஸ்டன் தெரு வழியாகப் போனால் 1972-இல் கட்டிய புதுக் கட்டடத்தில் நுழைவீர்கள். இரண்டும் உள்ளே இணைந்தவைதான், ஆனாலும் டார்ட்மத் தெரு வாசல் வழியாகப் போவதே நல்லது. மஞ்சள் பளிங்குப் படிக்கட்டும் அதன் இரு சிங்கங்களும் நேரே எதிர்ப்படும். பலரும் பேட்ஸ் ஹாலோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு மாடி ஏறுங்கள்: அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் சுமார் முப்பது ஆண்டுகள் இழுத்து இழுத்து வரைந்த ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. வெளிச்சம் மங்கல், கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும்.

முற்றத்து நீரூற்றில் நிற்கும் பெண் சிலை நகல்தான். ஆடையில்லாமல் கையில் திராட்சையுடன் ஆடும் அந்தச் சிலைக்கு 1890-களில் பாஸ்டன் பெரியவர்கள் போர்க்கொடி பிடித்ததால், அசல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் போய்விட்டது. நிகழ்ச்சிகளுக்காக முற்றத்தை மூடிவிடும் நாட்களும் உண்டு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்சிப் பொருள் என்று வந்தால் நியூயார்க்கே ஜெயிக்கும். ஐரோப்பாவின் ஆரம்பகால அச்சு நூலான கூட்டன்பர்க் பைபிள் உட்பட அதன் பொக்கிஷங்கள் 2021 முதல் நிரந்தரக் கண்காட்சியாக இருக்கின்றன. அனுமதி இலவசம், நேரச் சீட்டு வேண்டுமா என்று மட்டும் இணையத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. பேசாமல் உட்கார வேண்டிய கூடத்தில் அவர்களை எவ்வளவு நேரம் அடக்கி வைக்க முடியும்?

நியூயார்க்கிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் பாஸ்டனுக்கு வந்தால் சவுத் ஸ்டேஷன் வரை போகாமல் பேக் பே நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து நூலகத்துக்குச் சில நிமிட நடைதான். பாஸ்டன் பயணத்திட்டத்திலேயே இல்லை என்பவர்கள், நியூயார்க்கில் அந்த இலவசச் சுற்றை முடித்ததும் ஐந்தாவது அவென்யூவைக் கடந்து 40-ஆம் தெரு முனையில் இருக்கும் கிளை நூலகத்துக்குப் போகலாம். மொட்டைமாடி வரை எல்லோருக்கும் திறந்திருக்கும், உட்காரவும் விடுவார்கள்.