பள்ளியை மூடுவதா, ஆட்களைப் பிடிப்பதா?

ஒரு பள்ளியில் தீவிரவாதம் வேரூன்றினால் அரசு என்ன செய்ய வேண்டும்? மலேசிய அரசு, ஜொகூர் மாநிலத்தில் இருந்த லுக்மானுல் ஹக்கீம் உறைவிடப் பள்ளியை இழுத்து மூடியது. தென்கிழக்கு ஆசியத் தீவிரவாத அமைப்பான ஜெமா இஸ்லாமியாவின் கூடாரம் ஒன்று கலைந்தது, சரி. ஆனால் அதை நடத்திய நூர்தீன் டாப் இந்தோனேசியாவுக்குத் தப்பினார். 2003இல் ஜகார்த்தா மாரியட் ஹோட்டல் குண்டுவெடிப்புக்குப் பின்னால் அவரும் இருந்தார்.

இந்தோனேசியா வேறு வழியில் போனது. சோலோ அருகே, ஜெமா இஸ்லாமியாவின் ஆன்மிகத் தலைவராகக் கருதப்பட்ட அபூ பக்கர் பஷீரும் சேர்ந்து நிறுவிய அல் முக்மின் பள்ளியின் பழைய மாணவர்கள் 2002 பாலி குண்டுவெடிப்பில் சிக்கிய பிறகும் அதை மூடவில்லை. ஆட்களைத்தான் பிடித்தது, பஷீருக்கு 2011இல் 15 ஆண்டு சிறை. பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. 2022 சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு, விடுதலையாகியிருந்த பஷீரே அங்கே வந்து நின்றார்.

இது மெதுவான வழி. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்க்காவிட்டால் ஆபத்தும்கூட. இருந்தாலும், யாரோ செய்த குற்றத்துக்கு அங்கே படிக்கும் பிள்ளைகளைத் தெருவில் விட எனக்கு மனம் வரவில்லை.