டல்லாஸுக்கு வடக்கே ஒரு திறந்தவெளிச் சுடுதளம்: ஓராண்டு அனுபவம்

டல்லாஸ் நகருக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில், மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே உள்ள ஒரு தனியார் திறந்தவெளிச் சுடுதளத்திற்கு நாங்கள் நால்வர் கடந்த ஓராண்டாக மாதம் ஒரு முறை சென்று வருகிறோம். குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் டெக்சாஸ் தமிழர்கள் வேறு சுடுதளத்தைத் தேடுவதானாலும், அங்கே எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

எங்கள் நால்வரில் ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறார். இரவு பதினொரு மணிக்குக் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் காருக்கு நடக்க வேண்டிய வேலை அது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். விரும்புவோருக்கு மாநில உரிமமும் அதற்கான தேர்வும் இன்றும் உண்டு: 3, 7, 15 கஜத் தொலைவுகளிலிருந்து 50 தோட்டாக்கள், 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நண்பர் அதில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறியவர். ஆனால் அந்தத் தேர்வில் இலக்கும் அசைவதில்லை, சுடுபவரும் அசைய வேண்டியதில்லை. கையில் பணப்பையும் இடுப்பில் சட்டைக்குள் மறைந்த துப்பாக்கியுமாக இருட்டில் நிற்பவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்று அவரே கேட்ட பிறகுதான் இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

நகருக்குள் இருக்கும் உள்ளரங்கச் சுடுதளங்கள் பலவற்றில் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுட அனுமதி கிடையாது. அடுத்தடுத்து வேகமாகச் சுடுவதற்கும் தடை உண்டு. இங்கே மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய தனித்தனித் தடுப்புகளை, ‘பே’ என்கிறார்கள், இரண்டு மணி நேரத்திற்கு ஒரு குழுவுக்கென்றே ஒதுக்கித் தருகிறார்கள். அதற்குள் உருவிச் சுடலாம், பக்கவாட்டில் நகர்ந்தபடி சுடலாம், மறைப்புக்குப் பின்னால் மண்டியிட்டும் சுடலாம். எல்லோருக்கும் உடனே இந்த அனுமதி கிடைத்துவிடாது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதல் நாள் தோட்டா இல்லாத துப்பாக்கியை சுடுதளத்தின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீஸரின் கண்முன்னால் இருபது முறை உருவி, திரும்ப உறையில் வைத்துக் காட்ட வேண்டும். உருவுவதைவிட உறையில் திரும்ப வைப்பதைத்தான் அவர் கூர்ந்து பார்த்தார். அவசரமாகச் செருகும்போது சட்டை நுனியோ விரலோ சுடும் விசையில் (ட்ரிகர்) சிக்கித் தன் தொடையையே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

அவருடைய கண்டிப்பை நானே அனுபவித்தேன். இரண்டாவது மாதம், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினை மாற்றி முடித்ததும் நண்பரிடம் ஏதோ கேட்பதற்காகத் தலையைத் திருப்பினேன். தலையோடு தோளும், தோளோடு கையும் திரும்பிவிட்டன. துப்பாக்கியின் வாய் மண்மேட்டை விட்டு ஒரு முழம் விலகியிருக்கும், அதற்குள் அவர் பின்னாலிருந்து என் முன்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கத்தவில்லை. துப்பாக்கியைக் காலி செய்யச் சொன்னார், பிறகு நான்கு விதிகளையும் என் வாயால் சொல்ல வைத்தார்: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும், சுட விரும்பாத எதையும் நோக்கி அதன் வாயைத் திருப்பக் கூடாது, குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1976-இல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்துப் பரப்பிய விதிகள் இவை. அன்று மீதி நேரம் முழுவதும் நான் உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது. அது நியாயமான தண்டனை.

நண்பர்களோடு போவதன் பெரிய பயன் ஒரு சிறிய பயிற்சியில் தெரிந்தது. ஒருவருடைய மேகசினை இன்னொருவர் நிரப்புகிறார்; உண்மையான தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு போலித் தோட்டாக்களைச் சுடுபவருக்குத் தெரியாமல் கலந்துவிடுகிறார். போலித் தோட்டாவின் முறை வரும்போது ‘டக்’ என்ற ஓசை மட்டும் எழும், வெடிக்காது. வெடிப்பின் உதைப்பு இல்லாததால் கை என்ன செய்கிறது என்பது அப்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கடைக்கார நண்பருக்கு 7 கஜத்தில் எப்போதும் இலக்கின் இடது கீழ்ப்புறத்திலேயே தோட்டாக்கள் விழுந்தன; குறி பார்க்கத் துப்பாக்கி முனையில் உள்ள குறிமுள் சரியில்லை என்று நம்பி அதை மாற்றவும் இருந்தார். முதல் போலித் தோட்டாவிலேயே துப்பாக்கியின் மூக்கு இரண்டு அங்குலம் கீழே குத்தியதை நாங்கள் மூவரும் பார்த்தோம், அவரும் பார்த்தார். வரப்போகும் சத்தத்தை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தனியாகப் போய் ஆயிரம் தோட்டா சுட்டிருந்தாலும் இது அவருக்கு விளங்கியிருக்காது. நான்கு மாதம் இதையே செய்தோம். வீட்டில் தோட்டா இல்லாமல் தினமும் பத்து நிமிடம் பழகவும் செய்தார். இப்போது அவருடைய ஆறு தோட்டாக்களும் உள்ளங்கை அகலத்திற்குள் விழுகின்றன. அதே போலித் தோட்டா, துப்பாக்கி சிக்கிக்கொண்டால் மேகசினின் அடியைத் தட்டி, துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துவிட்டு, மீண்டும் குறி பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்தே தருகிறது.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். வெளியே தெறித்த காலித் தோட்டா உறை ஒன்று நண்பரின் மனைவியின் சட்டைக் கழுத்துக்குள் விழுந்துவிட்டது. தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் சூடு அதற்கு உண்டு. பதறிய என்னிடம் “அண்ணா, நீங்க அங்கேயே நில்லுங்க” என்றார். விரலை விசையிலிருந்து எடுத்து, துப்பாக்கியை மண்மேட்டை நோக்கியபடியே மேசையில் வைத்து, அதன் பிறகுதான் சட்டையை உதறினார். கழுத்தெலும்புக்குக் கீழே சிவந்த கோடு ஒரு வாரம் இருந்தது. கழுத்து மூடிய சட்டை அணிந்து வரும்படி முன்பதிவுக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. சேர்க்கச் சொல்லி எழுதியும் இன்றுவரை சேர்க்கவில்லை.

வேறு குறைகளும் உண்டு. நிழற்கூரை சுடும் கோட்டிற்கு மட்டுமே இருக்கிறது, காத்திருப்பவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அது தாங்காது. இலக்கை மாட்டும் சட்டகங்கள் பாதிக்கு மேல் உடைந்தவை, சொந்தமாகக் கொண்டுபோவது நல்லது. பக்கத்துத் தடுப்பில் ரைஃபிள் சுட்டால் காது மூடியையும் மீறி நெஞ்சில் அதிர்கிறது. 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் ஓசையே ஏறத்தாழ 160 டெசிபல் என்பதால், நாங்கள் காதுக்குள் நுரை அடைப்பானும் அதன்மேல் மின்னணுக் காது மூடியும் சேர்த்தே அணிகிறோம். மின்னணு மூடி வெடியோசையைத் தடுத்து, பேச்சை மட்டும் கேட்க விடுகிறது. எஃகுத் தகடுகளை 10 கஜத்திற்குள் நின்று சுட இங்கே விடமாட்டார்கள். சில்லுகள் திரும்பித் தெறிக்கும் என்பதால் அது சரியான விதி. கை கழுவும் இடத்தில் ஈயத் துகளை அகற்றும் தனிச் சோப்பு வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை அதைப் போட்டுக் கழுவிய பிறகே தொடுகிறோம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருந்தால் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. நண்பருடைய துப்பாக்கிதானே, ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமே என்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்தச் சுடுதளத்தின் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. என் மைத்துனர் அதில் உண்மையை எழுதியதால் அன்று முழுவதும் நேரம் குறிப்பவராக மட்டும் இருந்தார்.

நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் வாடகை பெரிதல்ல. ஆளுக்கு 150 தோட்டாக்களின் விலைதான் பெரிய செலவு. போகிறவர்கள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, சனிக்கிழமை காலை முதல் நேரத்தை இரண்டு வாரம் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்; கிழக்கு நோக்கிய தடுப்பைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள், எட்டு மணி வெயிலில் குறிமுள் கண்ணுக்கே தெரியாது.