பிளேனரில் ஸ்க்ரூ பிடித்துக்கொண்டதா? ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரிதான் கண்டுபிடித்தேன். இன்னும் கோபம் இறங்கவில்லை, அதனால் இது கோர்வையாக வராது. எப்படிக் கழற்றுவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன். போன பணம், இதே மெஷினைப் புதிதாக வாங்கினால் ஆகும் விலையில் சரிபாதி. ஒரே ஒரு ஸ்க்ரூவுக்கு.

வீட்டில் இருப்பது மேசைமேல் வைத்துப் பலகையின் கனத்தைச் சீவும் சின்ன பிளேனர். பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றலாம் என்று மூடியைத் திறந்தேன். உருளையில் ஒவ்வொரு பிளேடையும் ஒரு இரும்புப் பட்டை அழுத்திப் பிடித்திருக்கும், அந்தப் பட்டைக்கு ஏழு ஸ்க்ரூ. ஆறு வந்துவிட்டது. ஏழாவது அசையவில்லை. ஸ்க்ரூ தலையின் அறுகோணக் குழிக்குள் மரத்தூளும் பிசினும் சேர்ந்து கல் மாதிரி இறுகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆலன் கீ, அதாவது அந்தக் குழிக்குள் விட்டுத் திருப்பும் அறுகோணச் சாவி, பாதி ஆழம்கூட இறங்காமல் மேலாக்கில் நின்றது. அதுவும் போதாதென்று அவசரத்தில் கையில் அகப்பட்டது இஞ்ச் கணக்குக் கீ. 3/16 இஞ்ச் என்றால் 4.76 மி.மீ. குழியோ 5 மி.மீ. கால் மில்லிமீட்டர் இடைவெளிதானே என்று ஓங்கித் திருப்பினேன், மூலைகள் ஆறும் வழித்துக்கொண்டு போய்விட்டன. இந்த இடம் வரைக்கும் தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை.

துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டேன், காலையில் ஸ்க்ரூ தலையில் சுத்தியலால் தட்டியும் பார்த்தேன். ம்ஹூம். அப்புறம்தான் மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிப்போனேன். பெயர் சொல்லப்போவதில்லை. சுவர் முழுக்க டிரில், கிரைண்டர் எல்லாம் மாட்டி வைத்திருக்கும் வகைக் கடை.

நான் ஏமாந்த நிமிடத்தைச் சொல்லவேண்டும். கடைக்காரர் மெஷினைப் பார்த்ததும் விலை பேசவில்லை. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, குனிந்து, அந்த ஸ்க்ரூ தலையைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். "சாவி சைஸ் மாறிப்போச்சா சார்?" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். வேலை தெரிந்த கை, கண்ணால் பார்த்தே தப்பைப் பிடித்துவிட்டாரே என்று மனம் குளிர்ந்துபோயிற்று. "இதெல்லாம் தினம் பாக்கறதுதான் சார். கழட்டி, புது பிளேடு போட்டு, லெவல் பண்ணித் தந்துர்றேன். ஆனா கொஞ்சம் நுணுக்கமான வேலை" என்று ஒரு தொகை சொன்னார். புது மெஷினில் பாதி. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்தக் கட்டைவிரலை நினைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தேன். முழுப் பணத்தையும்!

இரண்டு நாள் என்றது ஒன்பது நாளாயிற்று. வந்த மெஷின் பளிச்சென்று இருந்தது. உருளையைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஏழு ஸ்க்ரூவும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "வந்துருச்சா?" என்று கேட்டேன். "எண்ணெய்லயே வந்துருச்சு சார்" என்றார் சிரித்துக்கொண்டே.

நேற்று ராத்திரி பிளேடு உயரத்தை நானே ஒருமுறை சரிபார்க்கலாம் என்று, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இந்தமுறை சரியான 5 மி.மீ. கீயை எடுத்தேன். ஆறு ஸ்க்ரூ இறுக்கமாக, முறையாக இளகின. ஏழாவதில் கீயை வைத்து லேசாகத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம். கீயோடு சேர்ந்து ஸ்க்ரூ தலை மட்டும் கையில் வந்துவிட்டது. தலையும், அதற்குக் கீழே ஒரு அரிசி நீளத்துக்குத் தண்டும், அதில் ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பசையும். புது ஸ்க்ரூவின் தலையை அறுத்து எபாக்ஸி வைத்து ஒட்டியிருக்கிறார்கள்!

பட்டையைத் தூக்கிப் பார்த்தால், உருளைக்குள் பழைய ஸ்க்ரூவின் தண்டு அப்படியே இருக்கிறது. அதன் நடுவில், நடுவில்கூட இல்லை, ஓரமாகச் சாய்ந்து, ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் பளபளவென்று உடைந்த ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் துண்டு. சிக்கிய ஸ்க்ரூவில் ஓட்டை போட்டு, அதற்குள் விட்டுத் திருகி வெளியே எடுக்கும் கருவி அது.

இதன் ஆபத்து புரிகிறதா? இந்த வகைச் சின்ன பிளேனர்களில் உருளை நிமிடத்துக்கு 8,000 முதல் 10,000 சுற்று வரை சுற்றும். ஏழு ஸ்க்ரூ பிடிக்கவேண்டிய பிளேடை ஆறுதான் பிடித்திருந்தது, ஏழாவது பசை. அந்தத் தலை தெறித்து வந்திருந்தால் முன்னால் நிற்பது என் வயிறு. போன வாரம் பலகை எடுத்துத் தர என் பையன் பக்கத்தில் நின்றான். பணம் போனது ஒரு பக்கம், இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

காலையில் முதல் வேலையாகப் போன் செய்தேன். "நீங்க கொண்டுவந்தப்பவே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார். எது, எபாக்ஸியா? "பையன்தான் பாத்தான், அவன் இப்ப வேலைக்கு வர்றதில்ல." போட்டோ அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. நேரில் போனேன். கட்டைவிரல் மன்னர் உள்ளே இருக்கிறார், கதவு வழியாகத் தெரிகிறார், வெளியே இருந்தவர் "ஓனர் வெளியூர்" என்கிறார். பில்லை நீட்டினால் அதில் 'ஜெனரல் சர்வீஸ்' என்றுதான் இருக்கிறதாம், ஸ்க்ரூ கழற்றுவதாக எங்கேயும் எழுதவில்லையாம். பாதி விலை வாங்கிக்கொண்டு ஜெனரல் சர்வீஸ்! கடைசியில் "வேணும்னா விட்டுட்டுப் போங்க சார், பாக்கறோம்" என்றார்கள். இன்னொரு தடவை விட்டுவிட்டு வர எனக்கு என்ன மரை கழன்றா போயிருக்கிறது?

நேராக லேத் பட்டறை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எக்ஸ்ட்ராக்டர் கெட்டிப்படுத்திய எஃகு, வளையாது, உடையும். உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும், அதைவிடக் கெட்டியான கார்பைட் பிட்டோ மின்பொறி வைத்து அரிக்கும் மெஷினோ வேண்டும். இத்தனைக்கும் ஸ்க்ரூ தலையை மட்டும் டிரில் செய்து எடுத்திருந்தாலே இறுக்கம் போயிருக்குமாம். பட்டையைத் தூக்கியதும் தண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கிரிப் பிளையரால் பிடித்து மெல்லத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும் என்றார். அவசரப்பட்டு முறித்து, கோணலாக ஓட்டை போட்டு, எக்ஸ்ட்ராக்டரையும் உள்ளே உடைத்து, கடைசியில் பசையால் மூடி... இதற்கு நான் கொடுத்தது புது மெஷினின் பாதி விலை. லேத் செலவு தனி.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது தட்டச்சு செய்யவே கை வரவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஊசியால் குழியைக் கிளறிச் சுத்தம் செய்யுங்கள், கீ அடிவரை இறங்கவேண்டும். இஞ்ச் கீயையும் மில்லிமீட்டர் கீயையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கழற்றும் முன் ஒரு துளி இறுக்கும் பக்கம் திருப்பிப் பாருங்கள், பிடிப்பு விடும். எண்ணெய்க்கு மணிக்கணக்கில் நேரம் கொடுங்கள், எண்ணெய் ஈரத்தோடு நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மைட்டர் சாவில் (பலகையைக் கோணம் வைத்து அறுக்கும் ரம்ப மெஷின்) பிளேடைப் பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும், அது பிடித்துக்கொள்ளவில்லை, நீங்கள்தான் இறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றால் முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள், எந்த ஸ்க்ரூவைக் கழற்றவேண்டும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்க்ரூவைக் கையில் கேளுங்கள். "எங்கயோ போட்டுட்டோம் சார்" என்றால் மெஷினை அங்கேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.

சரி, லேத்காரர் கூப்பிடுகிறார்.