பூனைக்காலிப் பொடியா, சைக்கிளா?

அப்பாவுக்குப் பார்கின்சன் என்று தெரிந்ததும் உறவினர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு கட்சி நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பூனைக்காலி விதைப் பொடியைக் கை காட்டியது, இன்னொன்று உடற்பயிற்சியை. மாத்திரை எப்படியும் தொடரும்; அதோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. நாங்கள் சேர்த்தது பயிற்சியை.

பூனைக்காலி வெறும் நம்பிக்கைச் சரக்கு அல்ல. அந்த விதையில் இருப்பது லீவோடோபா, மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டும் பொருள். நரம்பியல் மருத்துவர் எழுதித் தருவதும் அதையேதான். லண்டனில் 8 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான சிறிய ஆய்வில் 30 கிராம் பூனைக்காலி மருந்து, மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. என் தயக்கமும் இதனால்தான். வேலை செய்கிற மருந்துக்கு அளவு வேண்டும். மாத்திரை அட்டையில் மில்லிகிராம் அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் மடித்துத் தந்த பொட்டலத்தில் ஒன்றும் இல்லை. "காலையில் ஒரு ஸ்பூன், இரவில் ஒரு ஸ்பூன்" என்றார். குவித்த ஸ்பூனா, தட்டிய ஸ்பூனா? விதைக்கு விதை சத்தும் மாறும். போதாக்குறைக்கு, மாத்திரையில் உள்ள கார்பிடோபா பொடியின் லீவோடோபாவையும் கூடுதலாக மூளைக்கு அனுப்பிவிடும். குமட்டலோ, எழுந்ததும் தலைச்சுற்றலோ, கைகால் தானாக நெளிவதோ வந்தால் மருத்துவர் எதைக் குறைப்பார்?

பயிற்சியில் இந்தக் குழப்பம் இல்லை. நெதர்லாந்தில் 130 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே ஆறு மாதம் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்தவர்களின் இயக்கக் குறைபாடு, கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே மோசமானது. அளவு வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம். எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு இன்னும் எளிது: மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அப்பா பாட ஆரம்பித்தால் அம்மா வந்து பெடலின் இறுக்கத்தைக் கூட்டிவிடுவார். மிஞ்சினால் தளர்த்தலாம், விழுங்கிய பொடியை என்ன செய்வது?

சமையலறை வாசலில் அப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். கோட்டைப் பார்த்துவிட்டால் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். இருட்டில் பயன் இல்லை.

கை நடுக்கம் மட்டும் சைக்கிளால் குறைந்ததாகத் தெரியவில்லை. மலச்சிக்கலுக்கு நாட்டு வழிதான்: கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர். அஸ்வகந்தாவை நாங்கள் தொடவில்லை. வைட்டமின் ஈ, கோஎன்சைம் கியூ10 என்ற சத்து மாத்திரைகள் இரண்டும் பெரிய ஆய்வுகளிலேயே நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை, காசு மிச்சம்.

அப்பா இன்னும் துணையின்றி நடக்கிறவர். அடிக்கடி விழுகிறவர்களுக்கு இந்தச் சிபாரிசு பொருந்துமா என்பதை அவர்களின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சைக்கிள் வாங்குவதானால் முதுகுச் சாய்வு உள்ள, காலை உயரத் தூக்காமல் ஏறக்கூடிய வகையாகப் பாருங்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு சைக்கிளில் ஏற்றுங்கள்; அதற்கு முன் ஏற்றினால் பெடலில் கால் நிற்பதில்லை.